தூங்காத பணத்தை எழுப்புகிறார்கள்

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் யங் தோட்டம் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். சுமார் 664 ஹெக்டர் செம்பனை. பௌஸ்டெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்திடம் இருந்த அந்த நிலத்தை வொய்.டி.எல். பவர் குழுமம் 40 கோடி வெள்ளிக்கும் மேல் கொடுத்து வாங்கியது. இப்போது அங்கே எழும்பியிருப்பவை தரவு மையங்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் என்விடியா நிறுவனத்தோடு கைகோக்கப் போவதாக அறிவிப்பு வந்ததும், ஜொகூர் என்ற பெயரே பங்குச் சந்தையில் மந்திரம் ஆனது. 2024 ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. மண்டலத்துக்கான உடன்படிக்கை 2025 ஜனவரி 7-இல் முடிவானது.

2023 தொடக்கத்தில் 1 வெள்ளிக்கும் கீழே கிடந்த வொய்.டி.எல். பவர் பங்கு 2024 நடுவில் 5 வெள்ளியைத் தாண்டியது. ஜொகூரில் நிறைய நிலம் வைத்திருக்கும் யு.இ.எம். சன்ரைஸ் பங்கும் அதே காலத்தில் பல மடங்கு ஏறியது. 2025 ஜனவரியில் நவீன சில்லுகளின் ஏற்றுமதிக்கு அமெரிக்கா கட்டுப்பாடு அறிவித்தது. அதே மாதம் சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவு செய்து காட்டியது. வொய்.டி.எல். பவர் 3 வெள்ளியை ஒட்டி வந்து நின்றது. பிறகு மறுபடி ஏறவும் செய்தது. கூலாயில் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை, பங்கின் விலை மட்டும் ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

இதில் இளைஞர்கள் இறங்கி ஏறினால் அது அவர்கள் பாடு. நமக்குக் கவலை வேறு. ஸ்கூடாய், மாசாய், குளுவாங், சிகாமட் என்று எந்த ஊர்த் திருமண வீட்டிலும் இப்போது கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. ஐம்பதைக் கடந்தவரைப் பார்த்து முப்பது வயது யூனிட் டிரஸ்ட் முகவர் சொல்வது: "அங்கிள், காசு அங்க சும்மா தூங்குது. எடுத்துப் போட்டீங்கன்னா வேலை செய்யும்."

அங்கே என்றால் ஊழியர் சேமநிதி, அதாவது நம் வாயில் வழங்கும் இ.பி.எஃப். அங்கே பணம் தூங்குகிறதா என்பதிலிருந்தே தொடங்கலாம்.

சேமநிதியும் சந்தையில்தான் இருக்கிறது

1951-இல் தொடங்கப்பட்ட இ.பி.எஃப்.பின் மொத்தச் சொத்து 2024 முடிவில் 1.25 டிரில்லியன் வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாடுகளில் முதலீடாகி இருக்கிறது. அவ்வாண்டு அது ஈட்டிய வருமானத்தில் பாதிக்கும் மேல் பங்குகளில் இருந்து வந்தது. ஆக, சேமநிதியில் பணம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே பங்குச் சந்தையில் இருக்கிறார்கள். நியூயார்க், லண்டன் சந்தைகள் வரை அவர்கள் காசு போய் வருகிறது. முகவர் இதைச் சொல்வதில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பிறகு வேறுபாடு எங்கே? சந்தை விழும் ஆண்டை யார் தாங்குவது என்பதில். கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை போனால் அந்த மாதம் எல்லோர் தட்டிலும் ஒரு கரண்டி சோறு குறையும், யாரும் பட்டினி கிடப்பதில்லை. சேமநிதி செய்வது அதைத்தான். நல்ல ஆண்டின் இலாபத்தில் கொஞ்சம் பிடித்து வைத்து, பங்கோடு கடன் பத்திரம், நிலம், கட்டடம் என்று கலந்து வைத்து, மோசமான ஆண்டை ஒரு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு இடையே பரப்பிவிடுகிறது. வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஈவு தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2017-இல் வந்த ஷரியா கணக்குக்கு அந்த உத்தரவாதம் இல்லை. நடைமுறையில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மிகக் குறைந்த ஈவு என்று பேசப்படுவது 2002-இன் 4.25 விழுக்காடு. உலகமே ஆட்டம் கண்ட 2008-இல் 4.50. கோவிட் ஆண்டான 2020-இல் 5.20. 2024-இல் 6.30.

இப்போது அதே காலத்துச் சந்தையைப் பாருங்கள். கோலாலம்பூர் கூட்டுக் குறியீடு 2014 முடிவில் 1761 புள்ளி. பத்து ஆண்டு கழித்து, 2024 முடிவில் 1642. 2014 முடிவில் 1 இலட்சம் வெள்ளியைச் சேமநிதியிலேயே விட்டவருக்கு, அந்தந்த ஆண்டு அறிவித்த ஈவைக் கூட்டிப் பார்த்தால் பத்து ஆண்டில் ஏறத்தாழ 1,77,000 வெள்ளி ஆகியிருக்கும். அதே பணத்தைக் குறியீட்டில் போட்டவரிடம் முதல் 93,000-ஆகச் சுருங்கியிருக்கும். பங்குகள் தந்த ஈவையும் சேர்த்தால் அவர் நட்டப்பட்டிருக்க மாட்டார், உண்மைதான். ஆனால் சேமநிதியை எட்டிப் பிடித்திருக்கவும் மாட்டார். பத்து ஆண்டு தூக்கம் கெட்டதற்குக் கிடைத்த கூலி, தூங்குவதாகச் சொன்ன பணத்தைவிடக் குறைவு.

"அங்கிள், அது மலேசியச் சந்தை. அமெரிக்காவில் போடுங்கள்" என்று அடுத்த வாதம் வரும். சென்ற பத்து ஆண்டு அமெரிக்கச் சந்தை கொழித்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்த நாட்டுச் சந்தை அடுத்த பத்து ஆண்டு கொழிக்கும் என்று முன்கூட்டித் தெரிந்தவர் முகவராக வீடு வீடாக வந்து கதவு தட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

விழுந்த சந்தை எழும், எடுத்த பணம் எழாது

சந்தை விழுந்தால் காத்திருக்க வேண்டும், ஒருநாள் எழும் என்பது எல்லோரும் சொல்லும் ஆறுதல். முப்பது வயதுக்காரருக்கு அது சரியான ஆலோசனை. மாதச் சம்பளம் வருகிறது. விழுந்த விலையில் இன்னும் வாங்கவும் செய்யலாம். ஓய்வு பெற்றவரின் கணக்கு வேறு. அவர் பணம் போடுகிறவர் அல்லர், எடுக்கிறவர். வீட்டுச் செலவும் மருந்துச் செலவும் சந்தை எழும்வரை பொறுப்பதில்லை.

நடந்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம். 2007 முடிவில் 2 இலட்சம் வெள்ளியோடு ஓய்வு பெற்ற ஒருவர், மாதம் 1,500 வீதம் ஆண்டுக்கு 18,000 வெள்ளி எடுத்துச் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2008-இல் குறியீடு 1445-லிருந்து 877-க்கு இறங்கியது, 39 விழுக்காடு வீழ்ச்சி. பணம் முழுவதையும் சந்தையில் வைத்திருந்தால் ஆண்டு முடிவில் அவரிடம் 1,21,000, செலவு போக 1,03,000. அடுத்த ஆண்டு சந்தை 45 விழுக்காடு ஏறியது. பத்திரிகைகள் எல்லாம் மீட்சி என்று கொண்டாடின. அந்த ஏற்றத்துக்குப் பிறகு, செலவு போக, அவர் கையில் 1,32,000. சேமநிதியில் விட்டிருந்தால் 4.50, 5.65 விழுக்காடு ஈவோடு, அதே செலவையும் செய்துவிட்டு, 1,83,000-க்கும் மேல் இருந்திருக்கும். இரண்டே ஆண்டில் 50,000 வெள்ளி வித்தியாசம். பங்கு தரும் ஈவை நான் கூட்டவில்லை, கூட்டினாலும் பள்ளம் மூடாது. அடிவிலையில் விற்றுச் சாப்பிட்ட பங்கு, சந்தை ஏறும்போது கூட ஏறுவதற்கு அவரிடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

1997-இல் ஓய்வு பெற்றவர் நிலை இன்னும் மோசம். அப்போது தனியார் துறையில் 55-தான் ஓய்வு வயது, 60 ஆனது 2013 ஜூலையில்தான். 1997 பிப்ரவரியில் 1271 புள்ளியில் இருந்த குறியீடு, ஒன்றரை ஆண்டில், 1998 செப்டம்பர் 1-இல், 262 புள்ளிக்கு வந்தது. நூறில் எண்பது போயிற்று. பழைய உயரத்தை அது மறுபடி தொட்டது 2007-இல். 55 வயதில் சந்தையில் நுழைந்தவருக்கு அப்போது 65. மறு ஆண்டே 829-க்கு மறுபடி வீழ்ச்சி. மனித ஆயுளில் ஒருவர் எத்தனை முறை பத்து ஆண்டு காத்திருப்பார்?

அந்த 1998 செப்டம்பர் 1-க்கு இன்னொரு கதையும் உண்டு. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் க்ளோப் என்ற சந்தையில் மலேசியப் பங்குகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். மலேசிய அரசு மூலதனக் கட்டுப்பாடு கொண்டு வந்ததும், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்த பங்குகள் அப்படியே உறைந்து போயின. விற்க முடியாது, மாற்ற முடியாது. தீர்வு வர நீண்ட காலம் ஆயிற்று. விலை இறங்குவது மட்டும்தான் சந்தையின் ஆபத்து என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். சில சமயம் கதவே சாத்தப்படும்.

நாம் கட்டிய பள்ளிக் கட்டணம்

விற்க முடியாத பங்கு என்றதும் மலேசியத் தமிழர்கள் யாரும் சிங்கப்பூருக்குப் போக வேண்டியதில்லை. நமக்கு மைக்கா இருக்கிறது.

1982-இல் ம.இ.கா.வின் முயற்சியில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியது. முன்னின்றவர் கட்சித் தலைவர் ச.சாமிவேலு. குளுவாங்கில் பிறந்த ஜொகூர்க்காரர். நாட்டின் பொருளாதாரத்தில் இந்தியருக்கும் பங்கு வேண்டும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 66,000-க்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கினார்கள். திரண்ட முதல் 10 கோடியே 60 இலட்சம் வெள்ளி. பால் மரம் சீவியவர்களும் லோரி ஓட்டியவர்களும் பள்ளி ஆசிரியர்களும் போட்ட பணம் அது. நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அது பங்கு வியாபாரம் அல்ல, வயதான காலத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்குமான கையிருப்பு.

1990-இல் மைக்காவுக்கு ஒதுக்கப்பட்ட 1 கோடி டெலிகாம் பங்குகளில் 10 இலட்சம் மட்டுமே மைக்காவிடம் வந்தது, மற்ற 90 இலட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது என்ற சர்ச்சை பின்னர் வெடித்தது. விசாரணை நடந்தது. சாமிவேலு மீது வழக்கு தொடரப்படவில்லை. அந்த அரசியலை இங்கே கிளற விரும்பவில்லை. முதலீட்டாளர் கோணத்தில் அதைவிடப் பெரிய குறை வேறு. மைக்கா கடைசிவரை பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. ஆகவே தன் பங்கு என்ன விலை பெறும் என்று தோட்டத்து மனிதருக்குத் தெரியாது. விற்கலாம் என்றால் வாங்க ஆள் கிடையாது. மகள் திருமணத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது பெட்டிக்குள் இருந்த சான்றிதழ் உதவவில்லை.

2010-இல் தொழிலதிபர் ஜி.ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தது. 1 வெள்ளிக்கு வாங்கிய பங்குக்கு இருபத்தெட்டு ஆண்டு கழித்து 80 சென். அதுவாவது வந்ததே என்று பலர் பெருமூச்சு விட்டார்கள். 1980-களில் சேமநிதியின் ஈவு 8 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தது. 1983 தொடக்கத்தில் சேமநிதிக் கணக்கில் இருந்த 1,000 வெள்ளி, யாரும் தொடாமல் விட்டிருந்தால், 2009 முடிவில் ஏறத்தாழ 5,900 வெள்ளி. மைக்காவில் போட்ட 1,000, இடையில் கிடைத்த சொற்ப ஈவை விட்டுவிட்டால், 800. தலைவர் சொன்னார் என்பதற்காகப் போட்டார்கள். இன்று தலைவர் இருந்த இடத்தில் யூடியூப் இருக்கிறது, டெலிகிராம் குழு இருக்கிறது. போடுகிறவரின் நம்பிக்கை அன்று போலவே இருக்கிறது.

கையுறைப் பைத்தியம்

அண்மைக் காலத்துப் பாடம் கோவிட் காலத்தில் கிடைத்தது. 2020 ஏப்ரலில் ஐ-லெஸ்தாரி, பிறகு ஐ-சினார், ஐ-சித்ரா, 2022-இல் சிறப்பு மீட்பு என்று நான்கு முறை சேமநிதியைத் திறந்துவிட்டார்கள். 81 இலட்சம் பேர் எடுத்த தொகை 145 பில்லியன் வெள்ளி. பெரும்பாலோர் அரிசிக்கும் வாடகைக்கும்தான் எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்பவர்கள் அந்த மாதங்களைத் தோட்ட வீட்டிலோ அடுக்குமாடியிலோ கழித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவசரத் தேவை இல்லாதவர்களும் எடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி போன திசை கையுறை.

ரப்பர் கையுறை செய்யும் டாப் குளோவ், சூப்பர்மேக்ஸ், ஹர்தாலேகா பங்குகள் அந்த ஆண்டு தீப்பற்றியது போல் ஏறின. வங்கிக் கடனுக்கு ஆறு மாத விடுப்பு, வீட்டில் சும்மா இருக்கும் கை, கைப்பேசியில் பங்கு வாங்கும் செயலி. முன்பின் சந்தை தெரியாதவர்கள் எல்லாம் நுழைந்தார்கள். 2020 அக்டோபரில் 9 வெள்ளிக்கு மேல் இருந்த டாப் குளோவ், 2022 முடிவில் 1 வெள்ளிக்கும் கீழே. மூன்று தலைமுறையாக ரப்பர் மரத்தடியில் காலை நான்கு மணிக்கு நின்ற சமூகம், ரப்பர் கையுறைப் பங்கை அதன் உச்ச விலையில் வாங்கியது. இதைச் சிரிக்கிற விஷயமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

கையுறை நிறுவனங்கள் மோசடி செய்யவில்லை. அவை அந்த இரண்டு ஆண்டில் உண்மையாகவே கொள்ளை இலாபம் பார்த்தன, ஈவும் நன்றாகக் கொடுத்தன. நல்ல நிறுவனத்தின் பங்கைத் தவறான விலையில் வாங்கினாலும் ஓய்வுப் பணம் கரையும் என்பதற்கு அவைதான் சாட்சி.

பாலம் தாண்டிப் போகிறவர்கள்

ஜொகூருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் வேலை அனுமதியில் இருப்பவர்கள். அவர்களுக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். இங்கே முதலாளி இல்லாததால் இ.பி.எஃப்.பும் இல்லை. கையில் வரும் சம்பளம் கொழுத்தது, பின்னால் நிற்கும் சேமிப்பு பூஜ்யம். இவர்களுக்குப் பங்குச் சந்தை இரண்டாவது காலாக இல்லாமல் முதல் காலாக ஆகிவிடுகிறது. முப்பத்தைந்து வயதில் கிரிப்டோவும் அமெரிக்கப் பங்கும் வைத்திருந்து, ஒரு வெள்ளி சேமநிதி இல்லாதவர்களை ஜொகூர் பாருவில் தேடி அலைய வேண்டியதில்லை.

இவர்கள் இ.பி.எஃப்.பில் தாமாகவே பணம் செலுத்தலாம். ஆண்டுக்கு 1 இலட்சம் வெள்ளி வரை அனுமதி உண்டு. முதலில் அது, பிறகு பங்கு என்று வரிசை வைத்தால் போதும்.

நிரந்தரவாசிகளாகி மத்திய சேமநிதி வைத்திருப்போருக்கு சிங்கப்பூர் அனுபவமே பாடம். அங்கே 1980-களிலிருந்து சேமநிதியைப் பங்கிலும் யூனிட் டிரஸ்டிலும் போட அனுமதி உண்டு. சாதாரணக் கணக்கில் விட்டால் கிடைக்கும் வட்டி வெறும் 2.5 விழுக்காடு. இதைத் தாண்டுவது எளிது என்றே யாருக்கும் தோன்றும். 2016-இல் அப்போதைய துணைப் பிரதமர் தர்மன் சண்முகரத்னம் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. முந்தைய பத்து ஆண்டில் அப்படி முதலீடு செய்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பணத்தைத் தொடாமல் விட்டிருந்தாலே நன்றாக இருந்திருப்பார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதலிலேயே நட்டம். படித்த நாடு, கட்டுப்பாடு மிகுந்த சந்தை, தாண்ட வேண்டிய கம்பும் தாழ்வானது. அங்கேயே இந்த நிலை. நம் இ.பி.எஃப்.பின் கம்பு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது.

பெரிய நிதிகளே சந்தையில் எவ்வளவு மெதுவாகக் கால் வைக்கின்றன என்பதற்கு இந்தியா உதாரணம். அங்குள்ள தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 2015 ஆகஸ்டில்தான் பங்குக் குறியீட்டு நிதிகளில் பணம் போடத் தொடங்கியது. புதிதாக வரும் தொகையில் முதலில் 5 விழுக்காடு, பின்னர் 15. தமிழ்நாட்டில் அதையே சூதாட்டம் என்று எதிர்த்த தொழிற்சங்கங்கள் உண்டு. நூற்றுக்குப் பதினைந்து போட இவ்வளவு யோசனை. நம் ஆட்கள் நூற்றுக்கு நூறு போட ஒரு மதிய உணவு போதும் என்கிறார்கள்.

விதிகளுக்குள் இருக்கும் வாசல்

சேமநிதியிலிருந்து நேரடியாகப் பங்கு வாங்க முடியாது. 1996-இல் வந்த உறுப்பினர் முதலீட்டுத் திட்டத்தின் கீழ், அந்தந்த வயதுக்கு நிர்ணயித்த அடிப்படைச் சேமிப்பு போக மீதத்தில் 30 விழுக்காடு வரை அங்கீகரிக்கப்பட்ட யூனிட் டிரஸ்டில் போடலாம். முகவர் வழியாகப் போனால் 3 விழுக்காடு வரை முன்கட்டணம். 10,000 வெள்ளி போட்ட அன்றே 300 போயிற்று. பிறகு ஆண்டுதோறும் நிர்வாகக் கட்டணம். 2019-இல் வந்த ஐ-இன்வெஸ்ட் வழியாக நீங்களே இணையத்தில் வாங்கினால் முன்கட்டணம் அரை விழுக்காட்டைத் தாண்டாது. முகவர் இதையும் சொல்வதில்லை, காரணம் விளக்கத் தேவையில்லை.

போட்ட பணத்துக்கு அதுமுதல் சேமநிதி ஈவு நின்றுவிடும். ஆகவே அந்த யூனிட் டிரஸ்ட் தன் கட்டணம் எல்லாம் போக ஆண்டுக்குக் குறைந்தது ஐந்தரை, ஆறு விழுக்காடு ஈட்டினால்தான் நீங்கள் தொடங்கிய இடத்தில் நிற்பீர்கள்.

இந்த வாசலாவது கம்பி போட்ட வாசல். கம்பி இல்லாத வாசல்கள் வேறு. 2024 மே 11 முதல் மாதச் சந்தாவில் 10 விழுக்காடு போய்ச் சேரும் நெகிழ்வுக் கணக்கு, 50 வயதில் கிடைக்கும் மீட்பு, 55-இல் கைக்கு வரும் முழுத் தொகை. இவற்றை எடுத்து எதில் போட்டாலும் கேட்க ஆளில்லை. மோசடிக்காரர்கள் காத்திருப்பதும் இங்கேதான். மாதம் 10 விழுக்காடு உத்தரவாதம் என்று எவர் சொன்னாலும், அவர் கோயில் கமிட்டியில் இருப்பவரே ஆனாலும், முதலில் பங்குப் பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997-க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி தடுப்பு மையத்தின் எண். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும்.

யாரும் பேசாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது, சட்டம் தடுக்கிறது. அதை எடுத்துப் பங்காக மாற்றிய பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடும். மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாக்கள் நிறைந்த சமூகம் நம்முடையது. இரண்டாவது, சேமநிதியில் வாரிசு நியமனம் உண்டு. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் இறந்தால் நியமிக்கப்பட்டவர் பாரத்தை நிரப்பித் தொகையைத் தமக்கெனவே பெற்றுக்கொள்ளலாம். பங்குக் கணக்குக்கு அப்படி நியமனம் கிடையாது. உயில் நிரூபணமோ நிர்வாகப் பத்திரமோ வாங்க வேண்டும், அது மாதக் கணக்கில் இழுக்கும். அந்த மாதங்களில் சந்தை விழுந்துகொண்டே இருந்தாலும் விதவை மனைவியால் ஒரு பங்கைக்கூட விற்க முடியாது.

ஏன் ஆசை வருகிறது?

ஆசை என்று சொல்வதே தவறு. பலருக்கு அது பயம். 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் தொகை 900 வெள்ளி. அதற்கு முன் அதிலும் குறைவாக வாங்கியவர்கள் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் ஏராளம். அந்தச் சம்பளத்தில் பிடித்த சேமநிதி எவ்வளவு சேர்ந்திருக்கும்? இ.பி.எஃப். பல ஆண்டுகள் 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பாக வைத்திருந்த 2,40,000 வெள்ளி அவர்களுக்கு எட்டாத எண். முப்பது ஆண்டு உழைத்து 60,000 வைத்திருப்பவரிடம் 'இதை வைத்து எத்தனை நாள்?' என்ற கேள்வி இரவில் வரும்போது, இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர் கடவுள் மாதிரி தெரிவார்.

ஆனால் அந்த 60,000 உள்ளவரால்தான் நட்டத்தைத் துளியும் தாங்க முடியாது. 10 இலட்சம் வைத்திருப்பவர் அதில் 1 இலட்சத்தைச் சந்தையில் விட்டுப் பாதியை இழந்தாலும் அவர் காலைப் பசியாறல் மாறப்போவதில்லை. சேமிப்பு போதாது என்பதற்கு மருந்து சந்தையில் இல்லை. இன்னும் இரண்டு ஆண்டு வேலை, பிள்ளைகள் மாதாமாதம் அப்பா கணக்கில் போடும் 100 வெள்ளி, நிரந்தர முதலாளி இல்லாதவர்களுக்கு ஐ-சாரான் திட்டத்தில் அரசு ஆண்டுக்கு 500 வெள்ளி வரை தரும் ஊக்கத்தொகை. கவர்ச்சி இல்லாத வழிகள்தான், ஆனால் இருப்பதைக் குறைக்காதவை.

சந்தையே வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. நாற்பதுக்குக் கீழே இருப்பவர், கடன் அடங்கியவர், ஆறு மாதச் செலவு கையில் வைத்திருப்பவர், சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக, கட்டணம் குறைந்த குறியீட்டு நிதியில் பதினைந்து ஆண்டுக்குப் போடட்டும். நல்லது. ஐம்பதைத் தாண்டியவர் சேமநிதியை எடுத்துப் போடுவது மட்டும் என் கணக்கில் தவறு. அதில் சந்தையின் இலாபம் ஏற்கெனவே கலந்து வந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று. 55 ஆனதும் பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டு மீதியை விட்டு வைக்கலாம். மாதாமாதம் குறிப்பிட்ட தொகை வரும்படியும் ஏற்பாடு செய்யலாம். மிச்சம் இருக்கும் பணத்துக்கு உறுப்பினரின் 100 வயது வரை இ.பி.எஃப். ஆண்டுதோறும் ஈவு கொடுக்கிறது.